அருணையில் விழுந்தவர், அருணையில் எழுந்தவர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். காந்தியடிகள், காமராஜர், அப்துல் கலாம் ஆகியோரைப் பற்றி எழுத நம்ம டிபார்ட்மெண்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் நம்ம ஊர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற லட்சக்கணக்கான ஜனங்களுக்கும் அவர் பேர் தெரியும். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆளாக இருந்து எப்படிப்பட்ட ஆளாக மாறினார் என்பதை நம்ம வயசுக்காரர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை. அவர்தான் அருணகிரிநாதர்.

அவர் வாழ்ந்தது 15ஆம் நூற்றாண்டு. அவருடைய பாட்டு ஒன்றில் பிரபுட தேவராயர் என்ற அரசர் பேர் வருகிறது. 1422 முதல் 1446 வரை விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயர்தான் அவர் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். காலத்துக்குக் கிடைக்கிற பிடி அது. மற்றதெல்லாம் வாய்வழியாக வந்த கதை. கதை என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஓர் ஊர் 500 வருஷத்துக்கு மேல் ஒரு கதையை விடாமல் வைத்திருக்கிறது என்றால் அதில் அந்த ஊருக்கு ஏதோ தேவை இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்!

சின்ன வயசிலேயே தாயை இழந்தவர். அக்காதான் வளர்த்தாள். படிப்பு வந்தது, தமிழ் வந்தது, கூடவே கெட்ட சகவாசமும் வந்தது. பரத்தையர் வீடே கதி என்று கிடந்தார். வீட்டில் இருந்த பொருளெல்லாம் கரைந்தது. அக்கா நகை போனது, பண்டம் பாத்திரம் போனது. கடைசியில் உடம்பிலும் நோய் வந்து சேர்ந்தது. பணம் இருந்தபோது வாங்க வாங்க என்றவர்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் தம்பி கோபுரத்தில் ஏறியதும் அவளை மறந்துவிடுகிறார்கள். தம்பி மகானான பிறகு அவள் என்ன ஆனாள், அவளுக்குச் சோறு யார் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது மனசில் உறுத்துகிறது. ஏன் என்றால் எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க அக்கா எட்டாம் வகுப்போடு நின்று மில் வேலைக்குப் போனதால்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டப்படுகிறது. இந்த மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இப்படி ஓர் அக்காவோ, கல் உடைக்கிற அப்பாவோ, மல்லாட்டை உரிக்கிற அம்மாவோ இருப்பார்கள். ஒருத்தன் தப்புப் பண்ணினால் அதன் பாரம் அவன் தலையில் மட்டும் இறங்குவதில்லை. அருணகிரி கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

வெறுத்துப்போய் உயிரை விடுவது என்று வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறினார் என்பார்கள். நிறையப் பேர் ராஜகோபுரத்தில் இருந்து குதித்தார் என்று தப்பாகச் சொல்கிறார்கள். 217 அடி ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. அதாவது 16ஆம் நூற்றாண்டு. அருணகிரி இருந்தபோது அது கிடையாது! வல்லாள கோபுரம் அதற்கும் முன்னாலேயே இருந்தது. விழுந்தவரை முருகன் கையில் தாங்கினான் என்பது நம்பிக்கை. அந்தக் கோபுரத்தின் பக்கத்திலேயே கோபுரத்து இளையனார் சன்னதி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

நண்பர்களே, இந்த இடத்தை நான் வீரக் கதையாகச் சொல்லவில்லை. அரியர் விழுந்த ரிசல்ட் நாளில் ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் கிளாஸில் ஒருத்தன் மூன்று பேப்பர் போனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் போன பிறகுதான் அவன் ரூமில் எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தான் என்று பேசிக்கொண்டோம். கதையில் தாங்க ஒரு முருகன் வந்தான். நம்ம ஹாஸ்டலில் அடுத்த ரூம்காரன்தான் வர வேண்டும். மனசு அந்த மாதிரி இருண்டு போனால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். வார்டனிடமோ, வீட்டிலோ, ஃப்ரெண்டிடமோ. சொன்னால் மானம் போகாது.

தாங்கப்பட்டதும் அவர் உடனே எழுந்து பாட ஆரம்பித்தார் என்று சினிமாவில் காட்டலாம். (1964இல் டி.எம். சௌந்தரராஜன் அவரே அருணகிரியாக நடித்த படம் வந்தது. அதில் அவர் பாடிய திருப்புகழ் இன்றும் ஆடிக் கிருத்திகைக்கு ஸ்பீக்கரில் கேட்கும்.) கோயில் கதை வேறு மாதிரி சொல்கிறது. முருகன் வேலால் நாவில் எழுதி, முதல் அடியை எடுத்துக் கொடுத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசாமல் மௌனமாக இருந்தார். பிறகுதான் திருச்சி பக்கத்து வயலூருக்குப் போகும்படி உத்தரவு வந்து, அங்கிருந்து திருப்புகழ் வெள்ளமாக வந்தது. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கிறது. திருந்திவிட்டேன் என்று மறுநாளே மேடை ஏறவில்லை பாருங்கள்!

அப்புறம் நடந்தார். பஸ் இல்லை, ரயில் இல்லை. 200க்கும் மேற்பட்ட தலங்களுக்கு அவர் பாட்டு இருக்கிறது. பழனி, திருச்செந்தூர், திருத்தணி மட்டுமல்ல, இலங்கையில் கதிர்காமம், திருகோணமலைக்கும் இருக்கிறது. 16,000 பாட்டு பாடினார் என்பார்கள். நமக்குக் கிடைத்திருப்பது சுமார் 1,300தான். அதுவும் தானாகக் கிடைத்ததல்ல. நீதித்துறையில் வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்பவர் ஊர் ஊராக ஏடு தேடி, 1894இல் முதல் பாகத்தை அச்சில் கொண்டுவந்தார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார்.

பாட்டின் சந்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கியர் பல்லும் பல்லும் சேர்வது போல எழுத்தும் எழுத்தும் கணக்காக உட்காரும். வல்லின எழுத்து வர வேண்டிய இடத்தில் மெல்லினம் வந்தால் ஓசை இடறும். ஒரே பாட்டில் எட்டு அடி முழுக்க அந்தக் கணக்குத் தப்பாமல் ஓடும்.

இன்னொன்றும் உண்டு. பக்திப் பாட்டுக்குள்ளேயே தான் பெண் மோகத்தில் கிடந்ததையும் காலத்தை வீணாக்கியதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஊரார் செய்த குற்றங்களைத் தன் மேல் ஏற்றிப் பாடினார், அதை அவர் சொந்த வாழ்க்கையாக எடுக்கக்கூடாது என்று சில அறிஞர்கள் வாதிக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பாட்டுகளில் பரத்தையரைத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் வீட்டுப் படி ஏறியது இவர்தானே? அவர்களும் வயிற்றுக்குத்தானே அந்த வாழ்க்கையில் இருந்தார்கள்? மகான் என்பதால் இதைக் கேட்கக்கூடாது என்றில்லை.

லேத்தில் ஒரு ஷாஃப்ட் அளவுக்குக் குறைவாகக் கடைந்துவிட்டால் ஸ்கிராப் என்று ஒர்க்ஷாப்பில் ஓரமாகப் போடுகிறோம். ஆனால் வெளியே பட்டறையில் தேய்ந்த ஷாஃப்டுக்கு வெல்டிங்கில் மெட்டல் ஏற்றி, திரும்பக் கடைந்து ஓட்டுகிறார்கள். மார்க்குக்காகச் செய்கிற இடத்தில் ஸ்கிராப், பிழைப்புக்காகச் செய்கிற இடத்தில் ரிப்பேர்! அரியர்காரனைப் பார்த்து ஸ்கிராப் என்று கிண்டல் அடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதற்காகச் சொன்னேன்.

அருணகிரியை எதிர்த்த சம்பந்தாண்டான், தூணில் முருகன் தோன்றிய கம்பத்து இளையனார், அவர் கிளியாக மாறிய கிளி கோபுரம் எல்லாம் கோயிலிலேயே வழிகாட்டிகள் சொல்வார்கள். அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பெரிய வித்துவான். புலவர்களை வாதுக்கு அழைப்பார். தோற்றால் துறட்டியால் காதை அறுப்பார். அருணகிரியையும் அழைத்தார். தோற்றவர் காது போகும் என்பதுதான் பந்தயம். இவர் கந்தரந்தாதியைப் பாடப் பாட, அவர் ஒவ்வொன்றுக்கும் உடனே உரை சொல்லிக்கொண்டே வந்தார். 54ஆம் பாட்டு முழுக்க முழுக்கத் தகர வரிசை எழுத்தாலேயே ஆனது. அதற்கு அவரால் பொருள் சொல்ல முடியவில்லை. சபை மொத்தமும் காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அருணகிரி அந்தப் பாட்டுக்குத் தானே பொருள் சொன்னார். காதை அறுக்கவில்லை. துறட்டியைக் கீழே போடச் சொன்னார். வில்லிபுத்தூரார் அதற்குப் பிறகு எந்தப் புலவன் காதையும் தொடவில்லையாம்.