எம்டன் மாலுமியும் நம்ம ஊர் எண்ணெய் டாங்கும்

நம் ஹாஸ்டலில் ஒரு வார்டனுக்கு 'எம்டன்' என்று பெயர் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வந்தது, வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனபோதுதான். எம்டன் கப்பல் வீசிய குண்டின் சிதறல் ஒன்றை யுத்த ஞாபகமாக அங்கே வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். 1873-ல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தவர். ராணுவ அதிகாரியின் மகன். 1891-ல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது பிடித்த மலேரியா கடைசி வரை அவரை விடவில்லை.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும் எம்டன் தனியாக வங்கக் கடலுக்குள் புகுந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகள். போலியாக நாலாவது ஒன்றை மாட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி காட்டினார் முல்லர். எதிரிக்கே குல்லா போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆனால் பிடித்த வணிகக் கப்பல்களில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார்.

செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று விளக்கைப் போட்டார். குறி, பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள். சுமார் 125 குண்டுகள். எண்ணெய் பற்றி எரிந்தது. ஊரைச் சுடுவது அவர் நோக்கமில்லை. இருந்தும் சில குண்டுகள் தப்பிப்போய் விழுந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் அடிபட்டது. குறைந்தது ஐந்து உயிர்கள் போயின. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டே ஓடினார்கள்.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று எங்க ராயபுரம் பக்கம் இன்னும் சொல்லுவாங்க. அதற்கு ஆதாரம் கிடையாது. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. முல்லரின் ஆட்கள் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர் மால்டாவிலும் பிறகு இங்கிலாந்திலும் கைதி. 1917-ல் சுரங்கம் தோண்டித் தப்பித்து, மறுபடி பிடிபட்டார்.

எனக்கு இவர் மேல் மரியாதை வந்தது அதற்கப்புறம் நடந்ததால்தான். யுத்தம் முடிந்ததும், எம்டன் கதையை எழுதச் சொல்லி அவரைக் கேட்டார்கள். செத்துப்போன சகாக்களின் ரத்தத்தை விற்றுக் காசு பார்ப்பதுபோல் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார். 1923 மார்ச்சில், ஐம்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தார். மலேரியாதான் உடம்பைத் தின்றிருந்தது.

தினமும் தண்டையார்பேட்டை எண்ணெய் டாங்குகளைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். குண்டுச் சிதறலுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, சுவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்த ஐந்து பேரின் பெயரைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியவில்லை. மலர் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது பழைய பேப்பர்களைப் புரட்டித் தேடினால், கூட வர நான் தயார்.