லிண்ட்லி மரே

ஆங்கில வியாசம் எழுதிக் கொடுத்த நம்முள், பெயர்ச்சொல்லுக்கு முன் அடுக்கிய பண்புச்சொற்களிடையே காற்புள்ளியை விட்டோ, வேண்டாவிடத்து இட்டோ, சிவப்பு மையின் கண்டனம் பெறாதார் யாவர்? அப்புள்ளிக்குரிய விதியைப் பள்ளிதோறும் பரவச் செய்த பெரியார் லிண்ட்லி மரே என்பவர்.

இவர் 1745-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியாவிற் பிறந்தார். குவேக்கர் சபையினரான தந்தையார் பெருவணிகர்; மைந்தரையும் வணிகத்திற் புகுத்த விழைந்தார். மைந்தரோ, தந்தை தண்டித்தமை பொறாது, ஒருநாள் வீட்டை விட்டகன்று பர்லிங்டன் நகரத்துப் பள்ளியொன்றிற் சேர்ந்து மறைந்து பயின்றார். பிற்காலத்தில் ஒழுங்கு விதிகளாற் புகழெய்தியவர் இவரே என்பதை எண்ணுங்கால் நமக்கு நகை தோன்றுகிறது.

நியூயார்க்கில் நியாயவாதியாய்ப் பொருளீட்டிய மரேயின் தசைகள் நாளடைவில் தளர்ந்தன. ஆதலின் 1784-ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியார் ஹன்னாவுடன் இங்கிலாந்து சென்று, யார்க் நகரையடுத்த ஹோல்கேட்டிற் குடிபுகுந்தார். கால்கள் ஓய்ந்தன, கை ஓயவில்லை. அந்நகரத்துக் குவேக்கர் பெண்பாடசாலை ஆசிரியைகள் வேண்ட, 1795-இல் தம் ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். அது தொகுப்பு நூலே என்பதை அவர் மறைக்கவில்லை. பின்வந்த பதிப்புக்களில் லவுத், ஜான்சன் முதலியோர் பெயர்களையும் குறித்தார். நூல்களால் வந்த ஊதியத்தை அறத்திற்கே ஈந்தார்.

ஒரு பெயரைச் சார்ந்த பண்புச்சொற்கள் இரண்டோ பலவோ அடுக்கி வரின் இடையே காற்புள்ளி இடுக. இரண்டினை இடைச்சொல் நேரே இணைப்பின் புள்ளி வேண்டா என்பது அவர் விதியின் கருத்து. புள்ளியின் தொழிலை இடைச்சொல்லே செய்துவிடுகிறதன்றோ! தமிழில் எண்ணும்மை செய்யும் உதவியை ஈண்டு நினைக்கலாம். ஆயினும் 'பிக் பிளாக் டாக்' என்னுந் தொடரில் ஆங்கிலர் புள்ளி இடுவதில்லை. அங்கே கருமை நாயோடு ஒன்றிவிட, பெருமை அவ்விரண்டையும் ஒருங்கே தழுவி நிற்கிறது. சொற்களை இடம் மாற்றியும், நடுவே 'அண்டு' என்பதை வைத்தும் பொருந்துமிடத்தேதான் புள்ளி இடுக என்று இக்காலத்தார் கற்பிக்கின்றனர். விதியை மட்டும் மனனஞ் செய்த நாம் இடறுவது இவ்விடத்தேயாம்.

இறுதிப் பதினாறு ஆண்டுகள் மரே வீட்டை விட்டு வெளிச்சென்றிலர். 1826-ஆம் ஆண்டில், எண்பது வயதினராய், ஹோல்கேட்டிலேயே காலமானார். அவர் தோட்டத்திலிருந்த சிறு மண்டபம் இன்று யார்க்கிலுள்ள மவுண்ட் பெண்பாடசாலையின் வளாகத்தில் நிற்கிறது.