குழந்தை அமுது

தாய்ப்பால் மட்டுமே போதுமான பருவம் ஆறு திங்களில் முடிகிறது. பள்ளிப் பருவமோ ஐந்தாம் அகவையில் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் குழந்தையின் மூளையும் எலும்பும் விரைந்து வளர்கின்றன. ஏழை இல்லங்களில் சத்துக்குறைவு மிகுதியாகத் தாக்குவதும் அதே ஆண்டுகளில்தான். அவ்விடைவெளியை நிரப்ப உழைத்தவர் இராஜம்மாள் பி. தேவதாஸ்.

இவர் 1919ஆம் ஆண்டு செங்கத்தில் பிறந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் மனையியல் பயின்றார். பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில் அமெரிக்கா சென்று, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1950இல் முனைவர் பட்டம் பெற்றார். மனையியலைச் சமையல் வகுப்பு என்று எள்ளுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். உயிர்வேதியியல் அறியாமல் அப்பாடத்தில் ஓரடியும் நகர இயலாது.

திருப்பூரில் பிறந்த கல்வியாளர் தி. சு. அவினாசிலிங்கம், பெண்களுக்கான மனையியல் கல்லூரியைக் கோவையில் 1957இல் நிறுவினார். அதன் முதல்வராகப் பொறுப்பேற்ற இராஜம்மாள், ஆய்வைக் கல்லூரிச் சுவர்களுக்குள் அடைத்துவைக்கவில்லை. திருப்பூரும் முதலிபாளையமும் அன்று கோவை மாவட்டத்தின் ஊர்களே. காட்டு வேலைக்கும், பின்னாளில் பின்னலாடை ஆலைக்கும் தாய் சென்றுவிட்டால், வீட்டிலிருக்கும் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த கஞ்சியே. டப்பாவில் அடைத்த பால்மாவு வாங்க அவர்களிடம் பொருளில்லை.

இந்நிலைக்கு மாற்றாக அக்கல்லூரியில் உருவானதுதான் 'குழந்தை அமுது' என்னும் மாவு. வறுத்த தானியம், பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவையே அதன் பொருள்கள். அனைத்தும் உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பவை. ஆயினும் அச்சேர்க்கையில் நுட்பம் உண்டு. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனினைத் தானியம் ஈடுசெய்கிறது. குழந்தையின் இரைப்பை சிறியது. ஒருவேளைக்குச் சிறிதளவே கொள்ளும். அச்சிறிய அளவிலேயே போதிய ஆற்றலைத் தருவதற்குக் கடலையின் கொழுப்பு உதவுகிறது. வறுத்தலால் மாவு எளிதில் செரிக்கும், விரைவில் கெடாது.

1982ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு அகவை நிரம்பிய, பள்ளி செல்லாச் சிறார்க்கும் அதில் இடமிருந்தது. இத்துணைச் செலவை அரசு தாங்குமா என்று பலர் ஐயுற்றனர். அத்திட்டத்தின் உணவு, ஊட்டச்சத்து வரைவை அமைத்துத் தந்தவர் இராஜம்மாளே. திட்டத்தைத் தொடங்கியவரை நாடு அறியும். பருப்பின் அளவைக் கணக்கிட்டவரை அறிந்தோர் சிலரே. அளவு பிழைத்தால் இலட்சக்கணக்கான தட்டுகளில் சோறு இருக்கும், சத்து இராது.

ஆயினும் இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகள் அப்பந்தியில் அமர இயலவில்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு திங்கள் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்க்குத் துணையுணவு அளித்தது. இன்றும் அங்கன்வாடிகளில் எடை பார்ப்பதும் சத்துமாவு வழங்குவதும் தொடர்கின்றன.

1992இல் பத்மசிறீ விருது பெற்ற இராஜம்மாள், தாம் முதல்வராயிருந்த கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபின் அதன் வேந்தராகவும் விளங்கினார். 2002இல் மறைந்தார்.