செப்டம்பர் 5: கப்பலோட்டிய சிதம்பரனாரும் நம் வியாபாரிகளும்

காலண்டரில் செப்டம்பர் 5-ஆம் தேதித் தாளைக் கிழிக்கும்போது, கடைக்காரர்களாகிய நமக்கு அது மாதத் தொடக்கத்தில் பாக்கி வசூலிக்கும் நாட்களில் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் அந்நாளில் நடந்த காரியங்கள் பல உண்டு. 1888-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். இந்தியாவில் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1905-ல் ருஷ்ய ஜப்பானிய யுத்தத்தை முடித்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1945-ல், மூன்றரை வருட ஜப்பானிய ஆட்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்கள் நிறைந்த பிரிட்டிஷ் படை நம் சிங்கப்பூரில் வந்து இறங்கிற்று. 1997-ல் அன்னை தெரேசா கல்கத்தாவில் காலமானார்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னால், 1872-ஆம் வருடம் அதே செப்டம்பர் 5-ல், திருநெல்வேலிச் சீமை ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்தாம் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். தேசபக்தர் என்று அவரை எல்லோரும் அறிவர். வியாபாரிகளாகிய நாம் அவரை இன்னொரு வகையிலும் அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே இம்முறை அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

வக்கீல் பரீட்சை தேறிய சிதம்பரனார், 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். அது துறைமுகப் பட்டணம். கொழும்புக்குச் சரக்கும் ஆட்களும் ஓயாமல் போய் வந்த காலம். வியாபாரி நம்மவன், சரக்கு நம்முடையது, பிரயாணியும் நம்மவன். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியுடையது. நம் பெரியவர்கள் பி. ஐ. கம்பெனி என்று சொல்லுவார்களே, அதுதான். கட்டணத்தை அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

ஜப்பான் ஓர் ஐரோப்பிய வல்லரசை வென்ற செய்தி ஆசியா முழுவதும் பரவியிருந்த சமயம் அது. வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கமும் கிளம்பியிருந்தது. அந்நியத் துணியை விலக்கினால் மட்டும் போதாது, கடலும் நம் கைக்கு வர வேண்டும் என்று சிதம்பரனார் எண்ணினார். 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்ச ரூபாய். ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். ஆசியாவைச் சேர்ந்தவர்களுக்கே பங்கு என்று விதி செய்தார்கள். கப்பல் ஓட்டவும் கட்டவும் நம் மக்களுக்குக் கற்றுக் கொடுப்பதும் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்று.

இங்கே நம் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். கம்பெனியின் தலைவர் பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவருமான பாண்டித்துரைத் தேவர். காரியதரிசியோ ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வியாபாரி. சேட் அவர்கள் ஒருவரே 8,000 பங்குகள் எடுத்தார்கள். ரூபாய்க் கணக்கில் இரண்டு லட்சம். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பாகம். நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முந்திய இரண்டு லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்பதைக் கணக்குப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரனார் அவருக்குக் கீழே உதவிக் காரியதரிசியாக இருந்துதான் ஓடி ஓடி உழைத்தார்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். எதிரிகளின் நெருக்குதலால் அந்தக் கம்பெனி கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறர் கப்பலை நம்பிப் பயனில்லை என்று சிதம்பரனார் சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டார். வீட்டில் மகனுக்கு நோய், மனைவியோ கர்ப்பிணி. கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று போனவர், சொன்னபடியே 1907-ல் ‘காலியா’ என்ற கப்பலோடு வந்தார். அதில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். பின்னர் ‘லாவோ’ என்ற இரண்டாவது கப்பலும் வந்தது.

பிறகு நடந்தது விலைப் போர். பி. ஐ. கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. உடனே அவர்கள், கட்டணமே வேண்டாம், குடையும் இனாம் என்றார்கள். பெரிய முதலாளி நஷ்டத்துக்கு விற்று அடுத்த கடைக்காரனை மூட வைப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். அவ்வளவு செய்தும் சுதேசிக் கப்பலில் ஏறுவதற்கு ஜனங்கள் இருந்தார்கள்.

சிதம்பரனார் கப்பலோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்தார். அவர் அரசியலில் இவ்வளவு ஆழமாக இறங்கியது கம்பெனி டைரக்டர்களுக்குக் கவலையாயிற்று. அவர்களை நாம் எளிதில் குறை கூறிவிட முடியாது. ஊரார் பணத்தை வாங்கிப் போட்ட முதல், ஒருவர் பேச்சினால் மூழ்கிவிடுமோ என்ற அச்சம் முதல் போட்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் கட்டணத்தைக் குறைத்து அடிக்க முடியாதவர்கள் வேறு வழியில் அடிக்கத்தான் போகிறார்கள் என்பது சிதம்பரனாருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியே ஆயிற்று. 1908 மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பு, இரண்டு குற்றங்களுக்குமாக நாற்பது வருடத் தீவாந்தர சிட்சை. மேல் கோர்ட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள்.

அவர் உள்ளே போனபின் கம்பெனியைத் தாங்க ஆள் இல்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. 1912 டிசம்பர் 24-ல் அவர் விடுதலையாகி வந்தபோது சிறை வாசலில் கூட்டமில்லை. வக்கீல் சன்னதும் போயிற்று. சொந்த ஜில்லாவுக்குப் போகவும் தடை. சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். லட்சக் கணக்கில் கப்பல் வாங்கியவர் தராசு பிடித்து நின்றார்.

அந்த நாளில் தென் ஆப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி காந்தியாரிடம் கொடுத்திருந்தார்கள். பல கடிதங்கள் எழுதியபின், 1916-ல் ரூபாய் 347, அணா 12 அவர் கைக்கு வந்தது. கடல் கடந்து போன தமிழர் தம்மை மறக்கவில்லை என்ற ஆறுதலாவது அவருக்குக் கிடைத்தது. பின்னர் நீதிபதி வாலஸ் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காகச் சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியோடு போராடியவர், உபகாரம் செய்த வெள்ளையரை மறக்கவில்லை.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் காரியாலயத்தில் அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முன் எழுதி வைத்த மரண சாசனத்தில், கடைக்காரர்களுக்குத் தாம் கொடுக்க வேண்டிய பாக்கியை விட்டுவிடாமல் குறித்திருந்தார். கடனை எழுதி வைப்பது கடமை என்று மதரஸாவில் சிறு வயதிலேயே நாம் ஓதியிருக்கிறோம். எல்லாம் இழந்த மனிதர், ஒரு கடைக்காரன் தம்மால் நஷ்டப்படக் கூடாது என்று நினைத்தார் என்பதைப் படிக்கும்போது, கல்லாவில் உட்காரும் நமக்கு மனம் கனக்கிறது.

நம் பாட்டனார்களும் தகப்பனார்களும் நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து இறங்கினார்களே, அந்த ரஜூலா கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. அதுவும் பி. ஐ. கம்பெனியின் கப்பல்தான். ‘காலியா’ நிலைத்திருந்தால், நம் சொந்தக் கப்பலிலேயே அவர்கள் வந்திருக்கவும் கூடும். ரஜூலாவுக்குப் பின் 1970களில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய இந்திய அரசாங்கக் கம்பெனியின் கப்பலுக்குச் ‘சிதம்பரம்’ என்று பெயர். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வ. உ. சிதம்பரனார் பெயரை வைத்தார்கள்.

துறைமுகத்தில் பெயர் நிற்கிறது, நல்லதே. நாம் வேண்டுவது வேறொன்றும் உண்டு. ஒரு தலைவர் போனாலும் நடக்கும்படி கூட்டு வியாபாரத்தைக் கட்ட வேண்டும். முதல் போட்டவர்கள் ஆபத்து வேளையில் பிரிந்து போகாதிருக்க வேண்டும். செப்டம்பர் 5 வரும்போது சிராங்கூன் ரோட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் நம் பிள்ளைகளுக்குச் சிதம்பரனாரின் கதையைச் சொல்லுவோம். சொல்லும்போது பக்கீர் சேட் அவர்களின் 8,000 பங்குகளையும் சேர்த்துச் சொல்லுவோமாக.