இரண்டு விண்ணப்பம் போட்ட டாக்டர்

மெடிக்கல் சீட் கிடைக்காமல்தான் நான் நம்ம காலேஜுக்கு வந்தேன். முதல் வருஷம் முழுக்க அந்த வருத்தம் இருந்தது. அதனாலோ என்னவோ, டாக்டர் பிதான் சந்திர ராயின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1882-ல் பாட்னாவில் பிறந்தவர். கணக்கில் பி.ஏ. முடித்ததும் சிப்பூர் என்ஜினீயரிங் கல்லூரி, கல்கத்தா மெடிக்கல் கல்லூரி இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டார். இரண்டிலும் இடம் கிடைத்தது; மருத்துவத்துக்குப் போனார். 1909-ல் லண்டன் சென்றபோது செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை அவர் மனுவைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. மனுஷர் விடவில்லை. சேர்ந்து, எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். இரண்டையும் இரண்டேகால் வருஷத்தில் முடித்து 1911-ல் ஊர் திரும்பினார்.

1923 தேர்தலில் வென்று வங்காளச் சட்டசபைக்குப் போனார். அவரிடம் தோற்றவர் சுரேந்திரநாத் பானர்ஜி! 1948-ல் மேற்கு வங்க முதல்வரானார். கிழக்கிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நேரம். விட்டுவிட்டு வந்த என்ஜினீயரிங் அப்போதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது என்பேன். துர்காபூர், கல்யாணி நகரங்கள் எழுந்தன. கல்கத்தாவை ஒட்டிய சால்ட் லேக் சதுப்பில், ஹூக்ளி ஆற்று மணலைத் தண்ணீரோடு குழாயில் கொண்டுவந்து கொட்டி மேடாக்கும் வேலையை 1962-ல் தொடங்கிவைத்தார். (சிவில் நண்பர்கள் கவனிக்க!) அதுதான் இன்றைய பிதான் நகர்.

எல்லாமே சரியாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். 1959-ல் உணவு கேட்டு ஊர்வலம் வந்தவர்களை அவருடைய போலீஸ் அடித்ததில் பலர் செத்துப்போனார்கள்.

முதல்வரான பிறகும் காலையில் நோயாளிகளை இலவசமாகப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. 1962 ஜூலை 1, தம் 80-வது பிறந்த நாளிலேயே காலமானார். குடியிருந்த வீட்டைத் தாயார் அகோர்காமினி பெயரில் மருத்துவமனையாக்கக் கொடுத்திருந்தார்.