ஒரு சொட்டு ரத்தம்: ஃபௌஸ்தோ கோப்பியின் கதை

இத்தாலிக்கு டூர் போறவங்க வழக்கமா எதைப் பார்ப்பாங்க? ரோமில் கொலோசியம், பைசாவில் சாய்ந்த கோபுரம், வெனிஸில் படகு. ஆனால் சைக்கிளில் குழுவாகச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், நண்பர்களே. கோமோ ஏரிக்கு மேலே ஒரு குன்றில் கிசாலோ மாதா தேவாலயம் என்று ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. உள்ளே போனால் சுவரெல்லாம் பழைய ரேஸ் சைக்கிள்கள்தான்! அங்கே கட்டாயம் நிற்பார்கள். ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாயின் 48 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறுவார்கள். நம்ம கொல்லிமலையில் 70 வளைவு இருக்கே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் ஸ்டெல்வியோவின் உச்சி 2,757 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவையே விட நூறு மீட்டருக்கு மேல் உயரம்.

இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் வடமேற்கு இத்தாலியில், பியட்மாண்ட் மாநிலத்தில் இருக்கும் ஒரு குக்கிராமத்துக்கும் போவார்கள். பெயர் கஸ்தெல்லானியா. பெரிய கோயிலோ கோட்டையோ பார்க்க அவர்கள் அங்கே போவதில்லை. ஒரு சைக்கிள்காரரின் வீட்டையும் கல்லறையையும் பார்க்கப் போகிறார்கள். 2019-இல் அந்த ஊரின் பெயரையே கஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிவிட்டார்கள். யார் அந்தக் கோப்பி? வாங்க, பார்ப்போம்.

கறிக்கடைப் பையன்

ஃபௌஸ்தோ கோப்பி பிறந்தது 1919 செப்டம்பர் 15. விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகள். ஒல்லியான உடம்பு, நீளமான கால்கள், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். படிப்பில் பெரிய நாட்டம் இல்லை. 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, நோவி லிகுரே என்ற பக்கத்து டவுனில் ஒரு கறிக்கடையில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தார். வீட்டிலிருந்து கடைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்த் திரும்பினால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதுவும் மலை ஏற்ற இறக்கத்தில்!

அவருடைய சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் பணம் கொடுத்து உதவியதால் 15 வயதில் ஒரு நல்ல ரேஸ் சைக்கிள் கைக்கு வந்தது. அதே டவுனில் பியாஜியோ கவான்னா என்பவர் இருந்தார். கண் பார்வை இழந்தவர், முன்னாள் குத்துச்சண்டை வீரர், சைக்கிள் வீரர்களுக்கு மசாஜ் செய்து பயிற்சியும் கொடுப்பவர். பையனின் கால் தசையையும் முதுகையும் கையால் தொட்டுப் பார்த்தே அவன் எவ்வளவு தூரம் போவான் என்று கணிப்பாராம். கோப்பியைத் தேர்ந்தெடுத்தவரும் செதுக்கியவரும் அவர்தான்.

இதே நாட்களைப் பற்றி நம் பக்கத்துச் செய்தி ஒன்று. கோப்பி நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1923 அக்டோபர் 15 அன்று, பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். பாலைவனங்களைத் தாண்டி, எகிப்து வந்து, கடல் கடந்து இத்தாலிச் சாலைகளிலும் மிதித்தார்கள். 1928-இல் மூன்று பேர் பயணத்தை முழுமையாக முடித்து பம்பாய் திரும்பினார்கள். சைக்கிள் அன்றைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் உலகத்தைத் திறந்து காட்டிய இயந்திரம். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான்.

வெற்றிக்கு மறுநாள் போர்

இத்தாலியில் ஜீரோ தித்தாலியா என்று ஒரு ரேஸ் உண்டு. கிட்டத்தட்ட மூன்று வாரம், தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் என்று நாட்டையே சுற்றி வருவார்கள். வயல், மலை, நகரம் எல்லாம் வழியில் வரும். 1940-இல் ஜீனோ பார்தாலி என்ற பெரிய சாம்பியனுக்கு உதவியாளராகத்தான் கோப்பி அணியில் சேர்க்கப்பட்டார். உதவியாளர் வேலை என்றால் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பது, தலைவருக்குக் காற்று மறைப்பது, அவர் சைக்கிள் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது. ஆனா பார்தாலி ஆரம்பத்திலேயே விழுந்து அடிபட்டுவிட்டார். கடைசியில் ஜெயித்தது 20 வயது கோப்பி! ஜீரோவை வென்றவர்களில் இன்றுவரை மிக இளையவர் அவர்தான்.

ரேஸ் முடிந்தது 1940 ஜூன் 9. மறுநாள் ஜூன் 10, இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. யோசிச்சுப் பாருங்க, ஒரே ஒரு நாள்தான் வெற்றியைக் கொண்டாடக் கிடைத்தது.

1942 நவம்பரில் மிலான் நகரத்து ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோமீட்டர் மிதித்து உலக சாதனை படைத்தார். குண்டு வீச்சுக்கு ஆளாகிக்கொண்டிருந்த நகரம் அது. அந்தச் சாதனையை முறியடிக்க 14 ஆண்டுகள் ஆயின. ஆனால் சில மாதங்களிலேயே அவரை ராணுவ வீரராக வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போர்க்கைதி.

1945-இல் கைதியாகவே தென் இத்தாலியில் கசெர்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு பிரிட்டிஷ் அதிகாரிக்கு உதவியாளாக இருந்தார். அங்கே யாரோ அன்பாகக் கொடுத்த ஒரு சைக்கிள் கிடைத்தது. போர் முடிந்ததும் அதை மிதித்தே வடக்கே கிளம்பினார். கிடைத்த இடத்தில் லாரியில் ஏறிக்கொண்டார். 700 கிலோமீட்டருக்கும் மேல். உடைந்த பாலங்கள், இடிந்த ஊர்கள். இன்றைக்குச் சுற்றுலாக் குழுக்கள் ரசித்துக்கொண்டே போகிற அதே இத்தாலிதான். அவர் பார்த்தது அதன் இன்னொரு முகம்.

எதையும் விட்டுவைக்காதவர்

1946 மார்ச் 19. போருக்குப் பின் நடந்த ஒரு பெரிய ரேஸ், மிலானிலிருந்து சான் ரெமோ வரை. 290 கிலோமீட்டர். கோப்பி இரண்டாம் இடக்காரரைவிட 14 நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தார். அடுத்தவர் வரும்வரை சொல்ல எதுவும் இல்லாததால் வானொலியில் பாட்டுப் போட்டார்கள் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது.

அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. ஜீரோ மொத்தம் ஐந்து முறை, டூர் டி பிரான்ஸ் இரண்டு முறை. 1949-இல் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதர் ஆனார். 1952-இல் அதையே மறுபடி செய்தார். 1953-இல் உலக சாம்பியன். 1949 ஜீரோவில், கூனேயோவிலிருந்து பினெரோலோ வரையிலான ஒரே நாளில், ஐந்து மலைக் கணவாய்களைத் தாண்டி 192 கிலோமீட்டர் தனி ஆளாகப் போனார். இங்கிருந்து சென்னை போய்த் திரும்பினாலே 150 கிலோமீட்டர்தான்! அன்றைக்கு இரண்டாவதாக வந்த பார்தாலி கிட்டத்தட்ட 12 நிமிடம் பின்னால்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு விஷயம். கியர் மாற்ற இன்றைக்கு விரலால் தட்டினால் போதும். அன்றைக்கு இத்தாலியில் புழங்கிய கம்பனோலோ கியர் ஒன்றில், ஓடும்போதே கையைப் பின்னால் நீட்டி, ஒரு நெம்புகோலால் பின் சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, இன்னொரு நெம்புகோலால் செயினை நகர்த்தி, மறுபடி சக்கரத்தை இறுக்க வேண்டும். மலைச்சாலையில் பெரும்பகுதி வெறும் மண்ணும் ஜல்லியும்தான்.

கோப்பியின் உண்மையான பலம் அவருடைய தயாரிப்பு. அதுவரை வீரர்கள் நிறைய கறி தின்று, நிறைய தூரம் மிதித்தால் போதும் என்று இருந்தார்கள். அவர் சாப்பாட்டை அளந்தார், காய்கறியும் மாவுச்சத்தும் சேர்த்தார், தூக்கத்தையும் ஓய்வையும் கணக்கு வைத்தார், உதவி வீரர்கள் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்தில் தடை செய்யப்படாத ஊக்க மருந்துகளையும் அவர் பயன்படுத்தினார், அதைப் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

போட்டியும் பாசமும்

பார்தாலியும் கோப்பியும் இத்தாலியையே இரண்டாகப் பிரித்தார்கள். நம்ம ஊரில் ரசிகர் மன்றங்கள் மோதிக்கொள்ளுமே, அப்படி. பார்தாலி கடவுள் பக்தர், பழைய தலைமுறையின் நாயகன். கோப்பி புதிய காலத்தின் ஆள். ஆனால் 1952 டூரில் கலிபியே மலை ஏறும்போது ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர் பாட்டில் கைமாற்றுகிற ஒரு போட்டோ இருக்கிறது. கொடுத்தது யார், வாங்கியது யார்? இத்தாலிக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இருவரையும் ஒரே துக்கம் இணைத்தது. பார்தாலியின் தம்பி 1936-இல் ரேஸ் விபத்தில் இறந்தவர். கோப்பியின் தம்பி செர்சேவும் சைக்கிள் வீரர்தான். 1951 ஜூனில் டூரின் நகரத்து ரேஸில், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி விழுந்தார். எழுந்தார், மிதித்தே முடித்தார், ஹோட்டலுக்கும் திரும்பினார். பெரிய அடி இல்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள். தலைக்குள்ளே ரத்தக் கசிவு. அன்றே இறந்துபோனார்.

சில ஆண்டுகளில் இன்னொரு புயல். மணமான கோப்பி, ஜூலியா ஒக்கீனி என்ற மணமான பெண்ணுடன் வாழத் தொடங்கினார். அன்றைய இத்தாலியில் அது குற்றம். போலீஸ் வந்தது, அந்தப் பெண் சில நாள் சிறையில் இருந்தார், இருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. அப்படி ஒரு சட்டம் இந்தியாவிலும் 2018 வரை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டாடிய அதே கூட்டம்தான் தூற்றியது. அவர்கள் மகன் 1955-இல் பிறந்தது அர்ஜென்டினாவில்.

இரண்டு நண்பர்கள், ஒரே அறை

1959 டிசம்பர். அப்பர் வோல்டா, அதாவது இன்றைய புர்கினா ஃபாசோ, சில ஐரோப்பிய வீரர்களை விழாவுக்கு அழைத்தது. உள்ளூர் வீரர்களோடு ஒரு நட்பு ரேஸ், பிறகு வேட்டை. கோப்பிக்கு 40 வயது. அவரும் பிரெஞ்சு வீரர் ரஃபேல் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினார்கள். அறை முழுக்கக் கொசு.

ஊர் திரும்பியதும் இரண்டு பேருக்கும் கடும் காய்ச்சல். பிரான்சில் ஜெமினியானியின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மலேரியா, அதிலும் மிக ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. குயினைன் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இத்தாலியில் கோப்பியின் காய்ச்சலை மருத்துவர்கள் நுரையீரல் கோளாறு என்று நினைத்தார்கள். மலேரியாவாக இருக்கலாம் என்று பிரான்சிலிருந்து போன் செய்து சொல்லியும் ஏற்கவில்லை என்று ஜெமினியானி தரப்பு பின்னாளில் சொன்னது. 1960 ஜனவரி 2 காலை, தோர்தோனா மருத்துவமனையில் கோப்பி இறந்தார்.

ஜெமினியானி? அவர் 2024-இல், தன் 99-ஆம் வயதில்தான் காலமானார்.

அதே கொசு, அதே அறை, அதே நோய். நடுவில் 64 ஆண்டுகள் வித்தியாசம்! இத்தனைக்கும் மலேரியா அன்றைக்கே பழைய நோய். கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியை ரொனால்டு ராஸ் பார்த்தது 1897-இல், நம்ம செகந்திராபாத்தில். மனிதனுக்கு அதைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசுதான் என்று அடுத்த ஆண்டே காட்டியவர்கள் இத்தாலிய விஞ்ஞானிகள். குயினைனுக்கான சிங்கோனா மரங்களை நீலகிரியில் நட்டு, நடுவட்டத்தில் தொழிற்சாலையே நடத்தினார்கள். அறிவு இருந்தது, மருந்து இருந்தது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு முதல் தூக்கம் வரை எல்லாவற்றையும் அளந்து வாழ்ந்த மனிதர், ஒரே ஓர் அளவை எடுக்காததால் போனார்.

கோப்பியைத் தம்பி செர்சேவின் பக்கத்தில், கஸ்தெல்லானியாவில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜீரோ ரேஸ் தொடும் மிக உயரமான இடத்துக்கு, 1965 முதல், கோப்பி சிகரம் என்று பெயர். அங்கே முதலில் ஏறுபவருக்குத் தனிப் பரிசும் உண்டு.

நம்மில் பலர் இன்டர்ன்ஷிப், ட்ரெக்கிங், சைக்கிள் டூர் என்று ஒடிசா, வடகிழக்கு என்றெல்லாம் போகிறோம். போங்க, நல்லாச் சுத்துங்க. திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் எந்த ஊர் போய்வந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தத் தடவல் பரிசோதனை பண்ணச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான்.