ஜாங்கோ ரைன்ஹார்ட்: கித்தாருக்குக் குரல் தந்த நாடோடி

ஜாஸ் இசை, அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த கொடை. அதை ஐரோப்பியர் பலர் கேட்டனர், பழகினர், கேட்டதை அப்படியே வாசித்தும் காட்டினர். ஆனால் வாங்கிக் கொண்டதோடு நில்லாமல், அந்த இசைக்குத் தம் பங்காகப் புதியதொன்றைத் திருப்பித் தந்த முதல் ஐரோப்பியர் என்று இசை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஒருவரையே சுட்டுவர். அவர் பள்ளிப் படிப்பு இல்லாதவர். இசைக் குறிப்பும் படிக்கத் தெரியாதவர். சக்கர வண்டியில் பிறந்து, வண்டியிலேயே வளர்ந்த நாடோடி. அவர்தாம் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

1910-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டு லிபெர்ஷி என்னும் சிற்றூரில், ரோமானி மக்களின் முகாமில் ஜாங்கோ பிறந்தார். நாம் பாடநூல்களில் ஜிப்ஸிகள் என்று படித்திருப்பது இந்த ரோமானி மக்களைத்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றவர்களின் வழிவந்தோர் இவர்கள் என்பதற்கு இவர்களுடைய மொழியே சான்று. ஜாங்கோ பிறந்த கிளையினருக்கு மனூஷ் என்று பெயர். மனிதன் என்பது அதன் பொருள். மனுஷன் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அது உறவுச் சொல்!

பாரிஸ் நகரின் எல்லைப் புறத்தில், நகரத்தார் ஒதுக்கி வைத்த வெளிகளில் அவர்களுடைய வண்டிகள் நின்றன. சிறுவன் ஜாங்கோ முதலில் வயலினைப் பழகினான். பிறகு கித்தார் போல் மீட்டப்படும் பாஞ்சோ ஒன்று கிடைத்தது. 13 வயதிற்குள் நடனக் கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கம் வாசித்துப் பணம் ஈட்டினான். 1928-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் அவர் பெயரைத் தவறாக அச்சிட்டிருந்தார்கள். தம் பெயரின் எழுத்துகளைச் சொல்ல அவருக்கே தெரியாதபோது அச்சிட்டவரை நொந்து என்ன பயன்? அதே ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் அவர் வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவில் சேர அழைத்தார்.

அந்த அழைப்பை ஏற்றுச் செல்ல விதி விடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஓர் இரவு, வண்டியில் மெழுகுவர்த்தியிலிருந்து தீப் பற்றியது. மனைவி விற்பனைக்காகச் செய்து குவித்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீப் பரவ, வண்டி நொடியில் எரிந்தது. பதினெட்டே வயதான ஜாங்கோ போர்வையைச் சுற்றிக் கொண்டு வெளியேறினார். வலக் கால் வெந்து போயிற்று. காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் கூறியதற்கு அவர் இசையவில்லை. இடக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிவிட்டன. கித்தாரில் சுரங்களைப் பிடிப்பதோ அந்த இடக்கைதான்! ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் நோயாளியாகக் கிடந்தவருக்குத் தம்பி ஜோசப் ஒரு கித்தார் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜாங்கோவைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த இடத்தில் மனவுறுதியை வியந்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கோ அது போதவில்லை. இரண்டு விரல்களைக் கொண்டு நான்கு விரலுக்குரிய வேலையைச் செய்தார் என்றால் அது விந்தை மட்டுமே. கண்காட்சியில் பார்த்து மறந்துவிடலாம். அவர் செய்தது வேறு. நான்கு விரலும் உள்ளவர், கையை ஓரிடத்தில் நிறுத்தி விரல்களைக் குறுக்கே விரித்துத் தந்திகளைத் தொடுவார். ஜாங்கோவிடம் தனி வாசிப்புக்கு எஞ்சியவை சுட்டு விரலும் நடு விரலுமே. ஆகவே அவர் கருவியின் கழுத்தில் மேலும் கீழுமாக, நெடுக ஓடினார். அந்த ஓட்டத்தில்தான் அவருடைய இசையின் வேகமும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குழைவும் பிறந்தன. மடங்கிய விரல்களையும் அவர் வீணாக்கவில்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும்போது மேல் தந்திகளில் அவற்றை ஊன்றினார். அதற்காகச் சேர்க்கையின் அமைப்பையே மாற்றினார். நல்ல கையுடன் இன்று அவரைப் போல வாசிக்க விரும்புவோர், அவருடைய இரண்டு விரல் வழியையே தேடிப் பயில்கிறார்கள் என்றால் வேறு சான்று எதற்கு?

1931-இல் டூலோன் துறைமுகத்தில் எமில் சாவித்ரி என்ற ஓவியர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளை அவருக்குப் போட்டுக் காட்டினார். அன்று முதல் ஜாஸ் அவருடைய உயிரிசை ஆயிற்று. 1934-இல் பாரிஸ் கிளாரிட்ஜ் ஓட்டலில், நடன இசைக்கு நடுவே கிடைத்த ஓய்வு வேளைகளில், வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் ஜாங்கோவும் திரைக்குப் பின்னால் விளையாட்டாக வாசிக்கத் தொடங்கினர். அதுவே பிரெஞ்சு ஹாட் கிளப்பின் ஐவர் குழுவாக வளர்ந்தது. வயலின் ஒன்று, கித்தார் மூன்று, பெரும்பாஸ் ஒன்று. முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. ஜாஸ் இசையில் இப்படியொரு குழு அதுவரை புகழ் பெற்றதில்லை. கிராப்பெல்லி வாசிக்கும்போது அவருக்குத் துணையாக இரண்டு கித்தார்கள் இருக்க, தமக்கு ஒன்றுதானே இருக்கிறது என்று ஜாங்கோ குறைப்பட்டதால்தான் மூன்றாவது கித்தார் வந்தது என்பர். அதுவரை பெரும்பாலும் தாளத்திற்குத் துணையாக இருந்த கித்தார், முன்னே வந்து மனோதர்மம் பாடியது. அமெரிக்காவில் எடி லாங் முன்பே இவ்வழியில் சில அடிகள் நடந்திருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு இலண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. நாஜிகள் ஜாஸைக் கீழான இசை என்றனர். ரோமானி மக்களை அழிக்கப்பட வேண்டிய இனம் என்றனர். ஐரோப்பா முழுவதும் அவர்களால் கொல்லப்பட்ட ரோமானியர் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை என மதிப்பிடுகின்றனர். பிரான்சிலேயே 6,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்த பிறகும், 1946 வரை சிலரை விடுவிக்கவில்லை. அந்தக் குற்றத்தில் தன் நாட்டுக்குள்ள பொறுப்பைப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016-இல்தான்! இத்தனைக்கும் நடுவில் ஜாங்கோ பாரிஸ் அரங்குகளில் வாசித்துக் கொண்டிருந்தார். கேட்டவர்களில் ஜெர்மானிய அதிகாரிகளும் இருந்தனர். மேகங்கள் என்று பொருள்படும் நுவாஜ் என்னும் அவருடைய படைப்பு 1940-இல் பதிவாகி, அடிமைப்பட்ட நகரத்தின் பாடலாகவே மாறிற்று. புகழ் அவரைக் காத்தது. அவர் இனத்தைக் காக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். 1943-இல் எல்லை கடந்து சுவிட்சர்லாந்து சென்றுவிட முயன்றார், முடியவில்லை.

1946-இல் டியூக் எலிங்டனின் அழைப்பில் அமெரிக்கா சென்றார். தம் கித்தாரைக்கூடக் கொண்டு போகவில்லை; கிடைத்த மின் கித்தாரில் வாசித்தார். கார்னகி மண்டபத்தில் இரண்டாம் நாள் மிகத் தாமதமாக வந்து சேர்ந்தார். கடிகாரத்தோடு அவருக்கு என்றுமே நட்பு இருந்ததில்லை. 1951-இல் சீன் ஆற்றங்கரையில் சாமோவா என்னும் ஊரில் குடியேறி, மீன் பிடிப்பதும் ஓவியம் தீட்டுவதுமாக இருந்தார். எனினும் இசை ஓயவில்லை. 1953 ஏப்ரலில் செய்த கடைசிப் பதிவுகளில் இளைஞரின் புதுப் பாணியை மின் கித்தாரில் ஏற்று வாசிக்கிறார். அடுத்த மாதம் 16-ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவால் மறைந்தார். வயது 43.

அமெரிக்கர் ஜான் லூயிஸ் அடுத்த ஆண்டே ஜாங்கோ என்ற பெயரில் ஓர் இரங்கல் இசை அமைத்தார். இன்றும் ஜாஸ் கலைஞர் அதை வாசிக்கின்றனர். சாமோவாவில் தொடங்கிய நினைவு விழா உலகக் கித்தார் கலைஞர்களை ஈர்த்தது. கிராப்பெல்லி 1997 வரை வாழ்ந்தார். நம் வயலின் மேதை எல். சுப்பிரமணியத்துடன் சேர்ந்து 1984-இல் ஓர் இசைத்தட்டும் தந்தார்.

1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமி என்ற இளைஞர் விரல் நுனிகள் இரண்டை எந்திரத்தில் இழந்தார். இனிக் கித்தார் இல்லை என்று மனமுடைந்து கிடந்தவரிடம் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அது ஜாங்கோவின் இசைத்தட்டு. அயோமி நெகிழியை உருக்கி விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் தளர்த்தினார். அப்போது எழுந்த கனத்த ஒலிதான் அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் ஒலியாயிற்று.